எதிரி எழுதிய அரசன்: ஐந்தாம் கான்ஸ்டன்டைனை வாசித்தல்

கி.பி. 718 டிசம்பரில், கான்ஸ்டாண்டிநோபிளின் பெரிய கோவிலில், ஞானஸ்நானத் தொட்டிக்குள் இறக்கப்பட்ட ஒரு கைக்குழந்தை அந்தப் புனித நீரிலேயே மலம் கழித்துவிட்டது. தியோஃபனிஸ் என்ற துறவி தம் வருஷவாரி வரலாற்று நூலில் இப்படித்தான் எழுதுகிறார். சடங்கை நடத்திய தலைமைப் பேராயர் ஜெர்மானஸ் அப்போதே சொன்னாராம், இந்தப் பிள்ளையால் திருச்சபைக்குப் பெருங்கேடு வரப்போகிறது என்று. தியோஃபனிஸ் இதை எழுதுவது 810களில். அந்தக் குழந்தை வளர்ந்து, அரசனாகி, செத்தும் முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. கைக்குழந்தையைத் தண்ணீரில் இறக்கினால் என்ன நடக்கும் என்பது பிள்ளை வளர்த்த எவருக்கும் தெரியும். அதில் தீர்க்கதரிசனம் பார்க்க ஒரு மடத்து மூளை வேண்டியிருக்கிறது. ஆனாலும் பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது: கொப்ரோனிமஸ், மலத்தின் பெயரைச் சூடியவன். குதிரைகள்மேல் அவனுக்கிருந்த பிரியத்தைச் சாக்காக வைத்து இன்னொன்று: கபலினஸ், குதிரைச் சாணிக்காரன். ஆயிரத்து இருநூறு வருஷமாக வரலாற்று நூல்கள் இந்தப் பெயரை அடைப்புக்குறிக்குள்ளாவது போட்டுத்தான் அவனை அறிமுகப்படுத்துகின்றன.

அவன் பைசாந்தியப் பேரரசன் ஐந்தாம் கான்ஸ்டன்டைன். 741 முதல் 775 வரை முப்பத்து நான்கு வருஷம் ஆண்டவன். பட்டத்துக்கு வந்த கையோடு அக்காள் தங்கை உறவில் வந்த மைத்துனன் அர்த்தபாஸ்டஸிடம் தலைநகரைப் பறிகொடுத்து, 743இல் திரும்பப் பிடித்தவன். படையைத் திருத்தி அமைத்தவன், பெருவாரி நோயால் காலியான நகரத்துக்கு ஆட்களைக் கொண்டுவந்து குடிவைத்தவன், நூற்று நாற்பது வருஷமாக வறண்டு கிடந்த நீர்ப்பாலத்தில் தண்ணீர் ஓடவிட்டவன், படிம வணக்கத்தைத் தடைசெய்ய ஆயர் பேரவை கூட்டியவன், மடங்களின்மேல் கைவைத்தவன். இவை அத்தனையும் நமக்குத் தெரியவருவது அவனை வெறுத்தவர்கள் எழுதிய பிரதிகளிலிருந்து. ஒரு சீர்திருத்தக்காரனைப் பற்றி அவனுடைய எதிரிகள் விட்டுவைத்த தாள்கள் மட்டுமே கையிலிருந்தால் அவற்றை எப்படி வாசிப்பது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. அவன் நல்லவனா கெட்டவனா என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

முதலில் அந்தத் தாள்களின் நிலைமை. கான்ஸ்டன்டைன் எழுதிய இறையியல் நூலுக்கு 'வினாக்கள்' என்று பெயர். அது தனி நூலாக எங்கும் இல்லை. பின்னாளில் தலைமைப் பேராயராக இருந்த நிக்கிஃபோரஸ் அதை மறுத்து எழுதினார். மறுப்பதற்காக எடுத்துக்காட்டிய வரிகள் மட்டும் தப்பின. இரண்டே வாரத்தில் அரசன் நிகழ்த்திய பதின்மூன்று சிறு உரைகளைத் தாம் படித்திருப்பதாகத் தியோஸ்டெரிக்டஸ் என்ற துறவி சொல்கிறார்; அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. 754இல் ஹியரியா அரண்மனையில் 338 ஆயர்கள் கூடி வெளியிட்ட தீர்மானத்துக்கும் இதே கதிதான். 787இல் இரண்டாம் நைசியா பேரவையின் ஆறாவது அமர்வில் அதைத் துண்டு துண்டாக வாசித்து, ஒவ்வொரு துண்டுக்கும் பின்னால் மறுப்பை வாசித்தார்கள். மறுப்பு பாதுகாக்கப்பட்டது, அதனால் மறுக்கப்பட்டதும் பாதுகாக்கப்பட்டது. வாசிக்கும் வேலையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? நியோசெசரியாவின் ஆயர் கிரகோரியிடம். அவர் பழைய படிம எதிர்ப்பாளர், மனந்திரும்பி மன்னிப்புக் கேட்டவர். தன் பழைய கட்சியின் வார்த்தைகளைத் தன் வாயாலேயே படித்து அவமானப்பட வேண்டும் என்ற ஏற்பாடு. அதே பேரவையின் ஒன்பதாம் விதி, படிமங்களுக்கு எதிரான எழுத்துகள் அனைத்தையும் பேராயர் மாளிகையில் ஒப்படைக்க வேண்டும், அங்கே மற்ற மதவிரோத நூல்களோடு வைக்கப்படும், ஒளித்துவைப்பவன் தண்டிக்கப்படுவான் என்கிறது. எரி என்று சொல்லவில்லை, பூட்டி வை என்கிறது. பூட்டறையின் சாவி யாரிடம் இருந்தது என்று பார்த்தால் பைசாந்திய வரலாற்றில் பாதி புரிந்துபோகும்.

நம் தர்க்க மரபில் இதற்குப் பரபக்கம் என்று பெயர் உண்டு. பிறர் கொள்கையை முதலில் வைத்து, பிறகு உடைப்பது. ஒழுங்கான தர்க்கவாதி எதிராளியின் வாதத்தை அதன் முழு வலிமையோடுதான் வைப்பான், அதுதான் நேர்மை. நிக்கிஃபோரஸ் வசைபாடுகிறார், ஆனால் வாதத்தைச் சிதைக்காமல் வைக்கிறார். அந்த மட்டில் அவருக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். அவர் தகப்பனார் இதே கான்ஸ்டன்டைனின் அவையில் எழுத்தராக இருந்து, படிமங்களை வணங்கியதற்காக நாடுகடத்தப்பட்டவர். அந்த வீட்டுப் பிள்ளை இவ்வளவு நிதானமாக மேற்கோள் காட்டியதே பெரிய விஷயம்.

வாதம் என்ன? கிறிஸ்து ஒரே ஆள். அவருக்குள் தெய்வ இயல்பும் மனித இயல்பும் பிரிக்கமுடியாமல் சேர்ந்திருக்கின்றன. ஓவியன் பலகையில் தீட்டுவது எதை? மனித உடலை மட்டும் என்றால் கிறிஸ்துவை இரண்டாகப் பிளந்துவிட்டான். இரண்டையும் என்றால் எல்லையில்லாததைக் கோட்டுக்குள் அடைத்துவிட்டான். எப்படி வரைந்தாலும் குற்றம். மெய்யான உரு என்றால் அது மூலம் எந்தப் பொருளோ அந்தப் பொருளாகவே இருக்க வேண்டும். நற்கருணையின் அப்பமும் ரசமும் தவிர அப்படி ஒன்று உலகத்தில் கிடையாது. படைக்கும் பரிசுக்கும் போரில் காயத்துக்கும் மட்டுமே நேரம் இருக்கும் என்று நாம் நினைக்கிற ஓர் அரசன் இதை உட்கார்ந்து எழுதினான் என்பது எனக்கு இன்றும் வியப்பு. பிரதிநிதித்துவம் சாத்தியமா என்ற கேள்வியைப் பாரிஸில் போய்க் கற்றுவந்ததாக நினைத்துக்கொண்டிருக்கும் நம் நண்பர்கள் எட்டாம் நூற்றாண்டுப் பக்கம் ஒரு நடை போய்வரலாம்.

இந்த இடத்தில்தான் நம்மைப் போன்றவர்களுக்கு ஓர் ஆசை பிறக்கிறது. சாமி படத்தை உடைத்தவன், சாமியார்களை விரட்டியவன், மடத்துச் சொத்தைப் பிடுங்கியவன். ஆகா, நம்ம ஆள்! வசையைத் தலைகீழாக்கினால் போதும், கொப்ரோனிமஸ் பகுத்தறிவு வீரனாகிவிடுவான். இந்த வேலையை ஏற்கெனவே பலர் செய்திருக்கிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கிரேக்க வரலாற்றாசிரியர் பாபரிகோபுலஸ் படிம எதிர்ப்பு அரசர்களைப் பெரிய சமூகச் சீர்திருத்தவாதிகளாகக் கொண்டாடினார். புராட்டஸ்டண்ட் வாசகர்கள் லூத்தருக்கு எண்ணூறு வருஷம் முந்திய ஒரு லூத்தரைக் கண்டுபிடித்தார்கள். மடங்களின் நிலவுடைமைக்கு எதிரான போராட்டமே இது என்று சோவியத் அறிஞர்கள் சிலர் வாசித்தார்கள். ஆளாளுக்கு ஒரு கான்ஸ்டன்டைன்.

ரணஜித் குகா 1983இல் எழுதிய 'எதிர்க்கிளர்ச்சியின் உரைநடை' கட்டுரையை நம் வட்டாரத்தில் பலரும் படித்திருப்பார்கள். கலெக்டரின் அறிக்கையில் கிளர்ச்சிக்காரன் கொள்ளைக்காரனாக எழுதப்பட்டிருப்பான். அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன நடந்தது என்று எதிர்த்திசையில் வாசிக்க வேண்டும். அதை நாம் கற்றுக்கொண்டோம். ஆனால் அதே கட்டுரையின் இரண்டாவது பாதியை வசதியாக மறந்துவிட்டோம். வசையைப் புகழாக மாற்றும் புரட்சிகர வரலாற்றாசிரியனும் கிளர்ச்சிக்காரனின் மனத்தைத் தொலைத்துவிட்டு, அந்த இடத்தில் தன் இலட்சிய உழைப்பாளியை உட்காரவைக்கிறான் என்று குகா அங்கே எச்சரிக்கிறார். நம் அரசன் விஷயத்தில் சிக்கல் இன்னும் ஒரு படி கூடுதல். குகாவின் பிரதியில் எழுதுபவன் ஆள்பவன், எழுதப்படுபவன் அடங்க மறுப்பவன். இங்கே எழுதப்படுபவன்தான் ஆள்பவன். எழுதுகிறவர்கள் ஒரு காலத்தில் அவனிடம் அடிவாங்கியவர்கள். எழுதும்போது சாவி அவர்கள் கையில். அடிபட்டவனின் சாட்சியமும் வென்றவனின் ஆவணமும் ஒரே பிரதிக்குள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. எந்த வாக்கியம் எது என்று பிரிக்க வெறும் தலைகீழாக்கல் உதவாது.

பகுத்தறிவு என்ற சட்டை முதலில் கழன்றுவிடுகிறது. பீட்டர் பிரவுன் 1973இல் எழுதிய ஒரு கட்டுரையில், படிம எதிர்ப்பு என்பது புனிதம் எங்கே இருக்கலாம் என்ற சண்டை என்று காட்டினார். அப்பத்தை மந்திரித்துக் கொடுக்கத் திருநிலைப்படுத்தப்பட்ட குரு வேண்டும், பீடம் வேண்டும், ஆயரின் அனுமதி வேண்டும். பலகைப் படத்துக்கு ஒன்றும் வேண்டாம். ஒரு விதவை தன் வீட்டு மூலையில் மாட்டி விளக்கேற்றிக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டியதில்லை. கான்ஸ்டன்டைன் மூடநம்பிக்கையை ஒழித்தான் என்பதைவிட, புனிதத்தைச் சில்லறை வியாபாரத்திலிருந்து எடுத்து மையக் கிடங்குக்கு மாற்றினான் என்பது சரி. படிமத்துக்குப் பதிலாக அவன் வைத்தது சிலுவை. 740 நிலநடுக்கத்தில் சேதமான ஹாகியா ஐரீன் கோவிலைப் புதுப்பித்து, பீடத்துக்கு மேலுள்ள அரைவட்டக் கூரையில் பொன் பின்னணியில் ஒரு பெரிய சிலுவையைப் பதித்தார்கள். இஸ்தான்புல்லில் தொப்காபி அரண்மனையின் முதல் முற்றத்தில் அது இன்றும் இருக்கிறது. முகம் இல்லை, தாய் இல்லை, குழந்தை இல்லை. பேரரசு போர்க்களத்துக்கு எடுத்துச்சென்ற வெற்றிச் சின்னம் மட்டும். இதைப் பார்த்து நான் கைதட்டத் தயாராக இல்லை.

அதே சமயம் ஹியரியா தீர்மானத்தில் ஒரு பகுதி இருக்கிறது, எதிரிகள் அதிகம் பேசாதது. படிமங்களை அகற்றுகிறேன் என்ற சாக்கில் எவனும் கோவில் பாத்திரங்களையும் பீடத் துணிகளையும் தூக்கிக்கொண்டு போகக்கூடாது, மாற்றியமைக்க வேண்டுமானால் பேராயரின், அரசர்களின் அனுமதி வேண்டும் என்கிறது. எதற்காக இப்படி எழுத வேண்டும்? தூக்கிக்கொண்டு போனார்கள், அதனால்தான். கொள்கை ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கும்போது வெள்ளிப் பாத்திரம் இன்னொரு பக்கம் காணாமல் போய்க்கொண்டிருந்தது. எல்லாச் சீர்திருத்தத்திலும் இப்படி ஒரு பின்வாசல் உண்டு.

சட்டத்துக்கு வருவோம். 741 மார்ச்சில், தகப்பன் மூன்றாம் லியோ சாவதற்குச் சில மாதம் முன்னால், தகப்பன் பெயரிலும் மகன் பெயரிலும் 'எக்லோகா' என்ற சட்டத் தொகுப்பு வெளியானது. ஜஸ்டினியனின் பெரிய லத்தீன் சட்டக்கடலிலிருந்து பொறுக்கி, மக்கள் பேசும் கிரேக்கத்தில், பதினெட்டுத் தலைப்பில் சின்னதாகச் செய்தது. அதிக மனிதநேயத்தோடு திருத்தியிருப்பதாக அதுவே சொல்லிக்கொள்கிறது. முன்னுரையில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் நடுவே பாரபட்சம் காட்டாதே என்று நீதிபதிகளுக்குச் சொல்லிவிட்டு, அவர்கள் வழக்காடிகளிடம் கைநீட்டாதபடி கருவூலத்திலிருந்து சம்பளம் தரப்படும் என்று ஏற்பாடும் செய்கிறது. நீதியைப் பற்றிப் பேசாத அரசன் யார்? நீதிபதிக்குச் சம்பளம் என்று யோசித்தவர்கள் குறைவு. புருஷன் செத்தபின் குடும்பத்தையும் பிள்ளைகளையும் சொத்தையும் நடத்தும் உரிமை விதவைத் தாய்க்கு உண்டு என்றது. திருமணத்துக்கு இருவர் சம்மதமும் வேண்டும் என்றது.

கொலைத்தண்டனை விதித்த பல இடங்களில் அங்கச்சேதம் வந்தது. பொய்ச் சத்தியத்துக்கு நாக்கு, கள்ளக்காசுக்குக் கை, பிறன்மனை சேர்ந்தால் மூக்கு. இதுதான் மனிதநேயமா என்று கேட்கலாம், உயிரோடு விட்டார்களே என்பது அவர்கள் பதில். ஓரினச் சேர்க்கைக்கு வாள், அதில் கருணை இல்லை. எனக்கு நெருடுவது இன்னொரு பிரிவு. பெற்றோருக்குத் தெரியாமல் ஒரு கன்னிப் பெண்ணோடு அவள் சம்மதத்தோடு கூடிவிட்டு, கல்யாணம் செய்ய மறுப்பவன் பணக்காரனாக இருந்தால் ஒரு பவுண்டு பொன் தர வேண்டும். வசதி குறைந்தவனாக இருந்தால் பாதிச் சொத்து. ஒன்றுமே இல்லாதவனாக இருந்தால் கசையடி, மொட்டை, நாடுகடத்தல். முன்னுரையில் பாரபட்சம் காட்டாதே, பதினேழாம் தலைப்புக்குள் வந்தால் பணக்காரனுக்குப் பை, ஏழைக்கு முதுகு. முன்னுரை எழுதியவனும் பிரிவு எழுதியவனும் ஒரே ஆள்தான்.

இந்தச் சட்டத்தையும் பிற்கால அரசர்கள் சும்மா விடவில்லை. மதவிரோதிகள் செய்த காரியம் என்று ஒதுக்கினார்கள். ஆனால் அது பிரதியெடுக்கப்பட்டுக்கொண்டே இருந்தது, ஸ்லாவ் நாடுகளுக்கும் போனது. வழக்காடுகிறவனுக்கு இறையியல் தேவைப்படுவதில்லை.

இனி நான் அதிகம் நிற்க விரும்பும் இடம்: தண்ணீர். 626இல் அவார்கள் தலைநகரை முற்றுகையிட்டபோது வாலன்ஸ் நீர்ப்பாலத்துக்கு வரும் கால்வாயை வெட்டிவிட்டார்கள். அதன்பின் ஏழு தலைமுறை அதைச் சரிசெய்யவில்லை, ஆள் குறைந்த நகரத்துக்குத் தொட்டித் தண்ணீரும் மழையும் போதுமாயிருந்தன. 747ஆம் ஆண்டையொட்டி வந்த பெருவாரி நோய் இருந்தவர்களையும் வாரிக்கொண்டு போனது. புதைக்க ஆளில்லை, வண்டிகளிலும் விலங்குகள் முதுகில் பலகை கட்டியும் பிணங்களைக் கொண்டுபோனார்கள். பழைய தண்ணீர்த் தொட்டிகளிலும் திராட்சைத் தோட்டங்களிலும் புதைத்தார்கள் என்று தியோஃபனிஸ் எழுதுகிறார். காரணம் அரசனின் பாவமாம். பிறகு தீவுகளிலிருந்தும் கிரேக்கத்திலிருந்தும் குடும்பங்களைக் கொண்டுவந்து அரசன் நகரத்தில் குடிவைத்தான். அவர்களை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. ஆட்கள் வந்தார்கள், 766இல் மழை பொய்த்தது, பனிகூட விழவில்லை, தொட்டிகள் வறண்டன, குளியல் கூடங்கள் மூடின.

அப்போது தியோஃபனிஸ் திடீரென்று கணக்கெழுத்தர் ஆகிவிடுகிறார். ஆசியாவிலிருந்தும் போன்டஸிலிருந்தும் 1,000 கொத்தனார்கள், 200 பூச்சு வேலைக்காரர்கள். கிரேக்கத்திலிருந்தும் தீவுகளிலிருந்தும் 500 சுடுமண் வேலைக்காரர்கள். திரேஸிலிருந்து 5,000 கூலியாட்கள், 200 செங்கல் அறுப்பவர்கள். மேலே வேலைவாங்கும் அதிகாரிகள், அவர்களுக்கும் மேலே ஒரு பிரபு. நகரத்துக்குள் தண்ணீர் வந்தது. அவ்வளவுதான். வசை இல்லை, தீர்க்கதரிசனம் இல்லை, மலம் இல்லை. நான் படித்தது சிரில் மாங்கோவும் ரோஜர் ஸ்காட்டும் 1997இல் கொண்டுவந்த ஆங்கில மொழிபெயர்ப்பு. அதில் முன்னும் பின்னும் உள்ள பக்கங்கள் கொதிக்கின்றன, இந்தப் பத்தி மட்டும் சில்லென்று இருக்கிறது. ஏதோ ஓர் அலுவலகக் குறிப்பு அவர் கைக்குக் கிடைத்து, அதை அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார் என்று நினைக்கிறேன். வெறுப்புக்கு எண்ணிக்கை வராது.

6,900 பேர். இந்த ஆட்சியைப் பற்றிய பிரதிகள் எதிலும் இத்தனை உழைப்பாளிகள் ஒன்றாகத் தலைகாட்டும் இடம் வேறில்லை. தலை மட்டும்தான் காட்டுகிறார்கள். பெயர் இல்லை, கூலி என்னவென்று இல்லை, எத்தனை பேர் ஊர் திரும்பினார்கள் என்று இல்லை. அரசனைப் புகழ்ந்து எழுதப்பட்ட ஒரு நூல் தப்பியிருந்தால் இவர்கள் அதில் இருந்திருப்பார்களா? சந்தேகம். அங்கே தண்ணீர் கொண்டுவந்தவன் அரசன் ஒருவனாகவே இருந்திருப்பான். எதிரியின் நூலில் இவர்கள் நுழைந்துவிட்டார்கள். எதிரிக்கு அரசனைத் தூக்கிப்பிடிக்கும் அவசியம் இல்லாததால் ஆட்களுக்கு இடம் கிடைத்தது.

அடுத்த வருஷக் குறிப்பிலேயே பழைய தியோஃபனிஸ் திரும்பிவிடுகிறார். கான்ஸ்டன்டைன் புதிய மைடாஸ், பொன்னைப் பதுக்கி விவசாயியை உரித்துவிட்டான் என்கிறார். நிக்கிஃபோரஸ் விலையையே தருகிறார்: ஒரு பொற்காசுக்கு 60 மோடியஸ் கோதுமை, 70 மோடியஸ் பார்லி. நகரத்தில் எல்லாம் மலிவு. அறிவில்லாதவர்கள் இதை நாட்டின் செழிப்பு என்று நினைத்தார்களாம். உண்மையில் காசு முழுவதும் கருவூலத்துக்குள் போய்விட்டதால், வரி கட்டக் காசு தேடும் விவசாயி விளைச்சலை வந்த விலைக்குத் தள்ளிவிட்டான் என்று விளக்குகிறார். பேராயரின் இந்தப் பொருளாதாரப் பாடம் எனக்குப் பிடித்திருக்கிறது. வரியைக் காசாகக் கேட்டு, காசைப் புழக்கத்திலிருந்து உறிஞ்சிக்கொண்டால் தானிய விலை விழும், நகரத்து ஏழை வயிறு நிறையும், கிராமத்து ஏழை வயிறு காயும். நகரத்து ஜனம் அரசனை வாழ்த்தியதும் உண்மை, கிராமம் நொந்ததும் உண்மை. இவரைத் தலைகீழாக்கி, விலையைக் குறைத்த மக்கள் அரசன் என்று எழுதப் புறப்படும் நம் தோழர், விவசாயியைக் காட்டிக்கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும். மடங்களின் நிலமும் அந்த வரிக்குள் வந்திருக்கும், பேராயரின் கண்ணீரில் அதற்கும் பங்கு இருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கண்ணீரின் காரணம் எதுவாக இருந்தாலும் கணக்கு சரியாக இருக்கிறது.

மடங்களின் கதையை எவ்வளவு குறைத்தாலும் அசிங்கம்தான். 766 ஆகஸ்டில் துறவிகளை, ஒவ்வொருவனும் ஒரு பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு, குதிரைப் பந்தய மைதானத்தில் ஊர்வலம் விட்டார்கள். ஜனங்கள் காறித் துப்பினார்கள். நாலு நாள் கழித்து அதே மைதானத்தில், சதி செய்ததாகப் பத்தொன்பது உயர் அதிகாரிகளை நிறுத்தினார்கள். இருவருக்குத் தலை போனது. தானே நியமித்த தலைமைப் பேராயர் இரண்டாம் கான்ஸ்டன்டைனையும் அரசன் விட்டுவைக்கவில்லை. அடுத்த வருஷம் மழித்து, கழுதைமேல் பின்பக்கமாக உட்காரவைத்து மைதானத்தில் சுற்றவிட்டுப் பின் தலையை வெட்டினார்கள். ஆசியப் பகுதியின் தளபதி மைக்கேல் லாகனோட்ராகன் எஃபெஸஸில் துறவிகளையும் கன்னியர்களையும் கூட்டி, வெள்ளாடை உடுத்து இந்த நிமிஷமே கல்யாணம் செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் கண்ணைப் பிடுங்கிச் சைப்ரஸுக்கு அனுப்புவேன் என்றான். மடங்களை விற்றான், புத்தகம், பாத்திரம், கால்நடை எல்லாம் விற்று அரசனுக்குப் பணம் அனுப்பினான். அரசன் நன்றி தெரிவித்துக் கடிதம் எழுதினான். துறவறம் ஒரு மூடத்தனம் என்றே வைத்துக்கொண்டாலும், கண்ணைப் பிடுங்குவேன் என்று மிரட்டி நடத்தும் கல்யாணம் எந்த ஊர் விடுதலை?

துறவி ஸ்டீஃபனின் கதை, 765 வாக்கில் தெருவில் இழுத்துச்சென்று கொல்லப்பட்டவர் கதை, நாற்பது வருஷம் கழித்து அதே பெயருள்ள ஒரு திருத்தொண்டரால் எழுதப்பட்டது. மிகை நிறைந்த பிரதி. ஆனால் அதில் அன்னா என்ற கன்னியர் வருகிறார். ஸ்டீஃபனோடு கூடினேன் என்று ஒப்புக்கொள்ளச் சொல்லி அவரைக் கசையால் அடிக்கிறார்கள், மறுக்கிறார். பொய்ச் சாட்சி சொல்ல ஆசைகாட்டி இழுக்கப்பட்டது அவருடைய அடிமைப் பெண். பிரதிக்கு அவள் துரோகி. துறவறம் பூண்ட எஜமானிக்கு அடிமை எதற்கு என்று அந்தப் புனிதர் வரலாறு கேட்கவே இல்லை. அரசனும் கேட்கவில்லை. படிமத்தைக் காத்தவர்களும் உடைத்தவர்களும் ஒரு சொல்லும் மாறாமல் ஒத்துப்போகும் இடம் அது.

இதற்கு நேர் எதிராக இன்னொரு புனிதர் கதை: மான்டினியோன் மடத் தலைவி அன்தூசா. அவரையும் படிமம் வணங்கியதற்காக வதைத்தார்கள். பிறகு அரசி யூடோகியா பிரசவக் கஷ்டத்தில் இருந்தபோது, ஆணும் பெண்ணுமாய் இரட்டைப் பிள்ளை நல்லபடியாகப் பிறக்கும் என்று இவர் சொல்லி, அது பலிக்க, அரச குடும்பம் மடத்துக்குச் சொத்து எழுதிவைத்தது. மகளுக்கு அன்தூசா என்றே பெயர் வைத்தார்கள். அந்த மகள் பின்னாளில் கன்னியர் ஆனாள். மடம் என்றாலே ஆகாது என்றவன் வீட்டுக்குள் நடந்தது இது. லெஸ்லி புரூபேக்கரும் ஜான் ஹால்டனும் 2011இல் வெளியிட்ட பெரிய நூல் இப்படிப்பட்ட முரண்களையெல்லாம் அடுக்கி, படிம உடைப்பு என்று நாம் கேள்விப்படுவதில் பெரும்பகுதி பின்னால் வென்றவர்கள் கட்டியது, துறவிகள் மீதான நடவடிக்கை அரசியல் எதிரிகள் மீதான நடவடிக்கை, கான்ஸ்டன்டைன் மடத்தைப் பொதுவாக வெறுத்தவன் அல்ல என்கிறது. ஆதாரங்களைச் சலித்த விதத்தில் அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சலித்து முடித்தபின் கையில் மிஞ்சுகிற அரசன் ஒரு திறமையான நிர்வாகியாக, கொஞ்சம் கடுமையான மேலாளராக ஆகிவிடுகிறான் என்பதுதான் என் உறுத்தல். வசை மிகை என்பது சரி. கசையடியும் மிகையா?

763 ஜூன் 30இல் அன்கியாலஸ் சமவெளியில் பல்கர்களை முறியடித்துத் திரும்பியவன், பிடித்துவந்த கைதிகளை நகரத்து ஜனங்களிடம் ஒப்படைத்தான். பொன்வாசலுக்கு வெளியே அவர்கள் வெட்டித்தள்ளினார்கள். சில வருஷம் கழித்து, இம்ப்ராஸ், டெனடாஸ், சமோத்ராஸ் தீவுகளிலிருந்து ஸ்லாவ் கொள்ளையர் பிடித்துப்போன 2,500 பேரைப் பட்டாடைகள் கொடுத்து மீட்டதும் இவனே. இரண்டையும் எதிரிகள்தான் எழுதிவைத்தார்கள்.

775 செப்டம்பர் 14இல் படையெடுப்பின் நடுவே கால்களில் கட்டிகள் கிளம்பிச் செத்துப்போனான். மருமகள் ஐரீன் ஆட்சிக்கு வந்து, 786இல் படிமங்களை மீட்கப் பேரவை கூட்டியபோது அவன் உருவாக்கிய காவல்படைச் சிப்பாய்கள் வாளோடு உள்ளே புகுந்து கலைத்தார்கள். அவள் அந்தப் படையை அரபிகளோடு சண்டை என்று சொல்லி ஆசியப் பக்கம் அனுப்பி, ஆயுதத்தை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். மறுவருஷம் நைசியாவில் பேரவை நிம்மதியாக நடந்தது.

813இல் பல்கர் அரசன் க்ரூம் வாசலில் நிற்கிறான். புனித அப்போஸ்தலர் கோவிலில் பேராயர் தலைமையில் ஜெபம் நடக்கிறது. சிப்பாய்கள் சிலர் அரச கல்லறைகளின் கதவை நெம்பித் திறந்து, கான்ஸ்டன்டைனின் கல்லறைமேல் விழுந்து, எழுந்து வா, நாடு அழிகிறது, காப்பாற்று என்று கதறுகிறார்கள். அவன் குதிரையேறிப் பல்கர்களோடு போரிடப் புறப்பட்டுவிட்டான் என்று ஊருக்குள் வதந்தி. தியோஃபனிஸ் தம் நூலை முடிக்கப்போகும் பக்கங்களில் இதை எழுதுகிறார், எழுதும்போது கை நடுங்கியிருக்க வேண்டும். இத்தனை பக்கம் மலத்தில் முக்கி எடுத்த ஒருவனை வேலை பறிக்கப்பட்ட கூலிச் சிப்பாய்கள் சாமியாக்கிவிட்டார்கள். படிமத்தை ஒழித்தவனுக்குக் கல்லறை வழிபாடு! புனிதர்களின் எலும்பிடம் மக்கள் செய்ததையே அவன் எலும்பிடமும் செய்தார்கள். நகர ஆளுநர் அவர்களைப் பிடித்துக் கட்டி ஊர்வலம் விட்டார். இரண்டு வருஷத்தில் ஐந்தாம் லியோ படிமத் தடையைத் திரும்பக் கொண்டுவந்தான். தியோஃபனிஸை சமோத்ராஸ் தீவுக்கு நாடுகடத்தினார்கள், அங்கேயே செத்தார். கான்ஸ்டன்டைன் பட்டாடை கொடுத்து ஆட்களை மீட்டதாகச் சொல்லப்படும் தீவுகளில் ஒன்று அது.

843இல் படிமங்கள் கடைசியாகத் திரும்பின. அந்தக் காலத்து அரசன் மூன்றாம் மைக்கேல், கல்லறையிலிருந்து எலும்புகளை எடுத்து எரித்தான். சிப்பாய்கள் விழுந்து கதறிய பச்சைச் சலவைக்கல் பேழையை அறுத்துப் பலகைகளாக்கி, அரண்மனைக்குள் இருந்த ஃபாரஸ் தேவமாதா கோவில் சுவரில் பதித்தார்கள்.